கூலிங் டவரில் தினமும் ஹைப்போ போட்டும் வழுவழுப்பு போகவில்லை: குளோரின் எங்கே போகிறது?

டவர்_ஷிஃப்ட்:
கங்கைகொண்டான் பக்கத்து ஆலை. கவுன்டர்ஃப்ளோ கூலிங் டவர் (விழும் தண்ணீருக்கு எதிராகக் காற்று மேலே போகும்). சுற்றோட்டம் மணிக்கு 400 கன மீட்டர், சூட்டுக்கும் குளிருக்கும் 6 டிகிரி வித்தியாசம். பேசின், பைப்லைன் எல்லாம் சேர்த்து 60 கன மீட்டர் தண்ணீர். மேக்கப்பில் (குறைந்ததற்கு ஈடாகப் புதிதாக விடும் தண்ணீர்) பாதி போர், பாதி ஆற்றுத் தண்ணீர். சிஓசி (ஆவியானதால் உப்பு எத்தனை மடங்கு செறிந்தது என்பது) 4, ஓடுகிற தண்ணீரின் பிஹெச் 8.6. தினமும் காலை 9 மணிக்கு 5 லிட்டர் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்), டவருக்குத் திரும்பும் சூட்டு லைனில் விழுகிறது. சாயங்காலம் 4 மணிக்கு டிபிடி (குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் தரும் டெஸ்ட் மாத்திரை) போட்டால் நிறமே வருவதில்லை. ஃபில்லில் (டவருக்குள் தண்ணீரைப் பரப்பும் அடுக்கு) கறுப்பாக வழுவழுப்பு, பிளேட் எக்ஸ்சேஞ்சரில் பிரஷர் டிராப் ஏறிக்கொண்டே போகிறது. சப்ளையர் 10 லிட்டராக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பொருநை_வேதியல்:
வேண்டாம். முதலில் கணக்கு. ஹைப்போ உண்மையிலேயே 10 சதவீதம் என்றால் 5 லிட்டரில் 500 கிராம் குளோரின். 60 கன மீட்டரில் அது 8 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு மில்லிகிராம்) மேல். அவ்வளவும் சாயங்காலத்துக்குள் காணாமல் போகிறது என்றால் ஒன்று டிரம்மில் இருப்பது ஹைப்போவே இல்லை, இல்லை தண்ணீரில் ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. இரண்டில் எது என்று தெரியாமல் அளவைக் கூட்டினால் உப்பும் இரும்பு அரிப்பும்தான் கூடும்.

நான்கு விவரம் தேவை: டிரம் வந்து எத்தனை நாள், எங்கே வைத்திருக்கிறீர்கள், ஆற்றுத் தண்ணீரில் அமோனியா எவ்வளவு, டிபிடி எடுத்தது ஃப்ரீயா (அமோனியாவோடு சேராத குளோரின்), டோட்டலா (சேர்ந்ததும் உட்பட).

இன்னொன்று. ஹைப்போ போட்ட கையோடு டிபிடி பார்த்தாலும் நிறம் வராமல் போகலாம். குளோரின் மிக அதிகமானால் டிபிடியின் ரோஸ் நிறத்தையே வெளுத்துவிடும். மருந்து விழும்போது ஒரு கணம் சிவந்து மறைந்தால் அது பூஜ்யம் அல்ல. மாதிரியைக் குளோரின் இல்லாத டிஸ்டில்டு வாட்டரில் பத்து மடங்கு கலக்கி மறுபடி பாருங்கள்.

டவர்_ஷிஃப்ட்:
டிரம் வந்து மூன்று வாரத்துக்கு மேல். டவர் பக்கத்தில் சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகையில் இருக்கிறது. அமோனியா பார்த்ததில்லை. டிபிடி ஒன்றாம் மாத்திரை (ஃப்ரீயை மட்டும் காட்டுவது) மட்டும்தான் போடுகிறோம்.

தாழை_லேப்:
சித்திரை வெயிலில் நம்ம ஊர் ஷீட் கொட்டகைக்குள்ள ஹைப்போ மூணு வாரமா? டிரம்முல பாதி உப்புத் தண்ணிதான் இருக்கும் அண்ணாச்சி. சூடு 5, 6 டிகிரி கூடக்கூட சிதையுற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். சப்ளையர் சர்டிபிகேட்டை மடிச்சு வச்சுட்டு நீங்களே டைட்ரேஷன் பண்ணிருங்க:

ஹைப்போ 10 மில்லி எடுத்து 250 மில்லி ஃபிளாஸ்க்கில் தண்ணீர் விட்டு நிரப்பணும். அதிலிருந்து 10 மில்லி கோனிக்கல் ஃபிளாஸ்க்குக்கு. பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், அது கரைஞ்ச பிறகு அசெட்டிக் ஆசிட் 10 மில்லி. பழுப்பாகும். 0.1 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட் விட்டு வெளிர் மஞ்சள் வரைக்கும் இறக்கி, ஸ்டார்ச் ஊத்தி, நீலம் போற வரைக்கும் பாருங்க. எத்தனை மில்லி ஆச்சோ அதை 0.8865-ஆல பெருக்கினா நூறு மில்லிக்கு எத்தனை கிராம் குளோரின்னு வந்துரும். 11.3 மில்லி வந்தா 10 சதவீதம். ஆசிட்டை முதல்ல ஊத்திராதீங்க, குளோரின் வாயுவாப் போயிரும். ரீடிங்கும் குறையும், மூக்கும் எரியும்.

வச்சிருக்கிற முறையையும் மாத்துங்க. ஒரு மாசத்துக்கு வாங்காம பத்து நாளைக்கு மட்டும் வாங்கணும். நிழல், காத்தோட்டம், வெள்ளை டேங்க். பழசு மேல புதுசை ஊத்தக் கூடாது. வந்த அன்னைக்கே சரிபாதி தண்ணி கலந்து 5 சதவீதமா வச்சா சிதைவு வேகம் கால்வாசிக்கும் கீழே போகும், அளவை மட்டும் இரட்டிச்சுக்கிடணும். கலக்குறது மென்னீர் இல்லாட்டி ஆர்ஓ தண்ணியா இருக்கணும்; போர் தண்ணி கலந்தா அடியில சுண்ணாம்பு படிஞ்சு ஃபுட் வால்வு அடைச்சுக்கிடும். பித்தளை, செம்பு, நிக்கல் எதுவும் அதுல படவே கூடாது. துளி உலோகம் போதும், ஆக்சிஜனா பொங்கிப் போயிரும்.

டவர்_ஷிஃப்ட்:
டைட்ரேஷனில் 6.0 மில்லி. அப்படியென்றால் 5.3 சதவீதம். ஆற்று மேக்கப்பில் அமோனியா நைட்ரஜன் 0.6 பிபிஎம், போர் தண்ணீரில் இல்லை.

பொருநை_வேதியல்:
இப்போது கதை தெளிவாகிறது. ஆவியாதல் 400 × 6 × 0.00153, மணிக்கு சுமார் 3.7 கன மீட்டர். சிஓசி 4 என்றால் ப்ளோடவுன் (உப்பு ஏறாமல் இருக்க வடித்துவிடும் தண்ணீர்) 1.2, மேக்கப் 4.9. ஆறும் போரும் பாதிப்பாதி என்பதால் மேக்கப்பில் அமோனியா 0.3 பிபிஎம். நாளைக்கு 35 கிராம் அமோனியா நைட்ரஜன் உள்ளே வருகிறது. பிரேக்பாயின்ட் (அமோனியா தீர்ந்து ஃப்ரீ குளோரின் தங்கத் தொடங்கும் இடம்) தாண்ட எடைக்கு எடை 7.6 பங்கு குளோரின் வேண்டும் என்பது புத்தகக் கணக்கு, நடைமுறையில் 10. ஆக 350 கிராம். நீங்கள் போடுவது 5 லிட்டர் × 53 கிராம் = 265 கிராம். கிருமி வரைக்கும் போக மிச்சமே இல்லை. ஃப்ரீ குளோரின் வராததில் ஆச்சரியம் என்ன? டிபிடி மூன்றாம் மாத்திரையும் போட்டு டோட்டல் பாருங்கள், குளோரமைன் (அமோனியாவோடு சேர்ந்த குளோரின்) அதில் தெரியும்.

பிஹெச் 8.6-இல் கொஞ்சம் அமோனியா டவரிலேயே காற்றோடு போய்விடும். நைட்ரிஃபை செய்யும் பாக்டீரியா இருந்தால் கொஞ்சம் நைட்ரைட்டாக மாறும். ஆனால் நைட்ரைட்டும் சும்மா விடாது: 1 பங்கு நைட்ரைட் நைட்ரஜனுக்கு 5 பங்கு குளோரின் போகும். அதையும் டெஸ்ட் செய்துவிடுங்கள்.

கார்_பிசானம்:
ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளலாம். 0.6 என்பதை வருஷம் முழுக்க நிலையான எண்ணாக வைத்துக் கணக்கு போடாதீர்கள். திருநெல்வேலி ஊருக்குக் கீழே சாக்கடை கலந்த பிறகு எடுக்கும் தண்ணீரும் பாபநாசம் பக்கம் எடுக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. பிசான நெல்லுக்கு யூரியா போட்டபின் வயல் வடிகால் ஆற்றுக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கலும் இலைச்சாறும் சேரும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது டவர் காற்றை உறிஞ்சுகிற ஒரு பெரிய வாக்குவம் கிளீனர். செம்மண் முழுக்க பேசினில்தான். தண்ணீர் மாறும்போதெல்லாம் குளோரின் டிமாண்டும் மாறும்.

அதனால் பாட்டில் டெஸ்ட் செய்து பழகுங்கள். உங்கள் 5.3 சதவீத ஹைப்போவில் 19 மில்லி எடுத்து 1 லிட்டராக்கினால் லிட்டருக்கு 1 கிராம். அதில் 1 மில்லியை 1 லிட்டர் டவர் தண்ணீரில் விட்டால் 1 பிபிஎம். ஆறேழு பாட்டிலில் 1 முதல் 7 பிபிஎம் வரை போட்டு, இருட்டில் 30 நிமிஷம் வைத்து, ஃப்ரீயும் டோட்டலும் பாருங்கள். டோட்டல் ஏறி, பிறகு இறங்கி, மறுபடி ஏறும். அந்தப் பள்ளத்துக்குப் பிறகு ஏறுவதுதான் உங்களுக்கு வேலை செய்யும் குளோரின்.

தாழை_லேப்:
அமோனியா ஒரு பக்கம் இருக்கட்டும், 8.6 பிஹெச்சை யாரும் பேசலையே வே. ஃப்ரீ குளோரின்னு டிபிடி காட்டுறதுல ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டு, ஹைப்போகுளோரைட் அயனியும் உண்டு. கொல்லுறது பெரும்பாலும் அமிலம்தான். பிஹெச் 7.5-ல அது பாதிக்குப் பாதி. 8-ல கால்வாசி. 8.6-ல நூத்துக்கு ஏழு. 0.5 பிபிஎம்னு ரிஜிஸ்டர்ல எழுதுனாலும் வேலைக்காரன் 0.04 பிபிஎம்தான்.

அண்ணாச்சி, ஆசிட் டோசிங் வச்சு 7.8-க்கு இறக்குங்க. போர் தண்ணி கடினத்துக்கு அது ஸ்கேலையும் (சுண்ணாம்புப் படிவு) சேர்த்து அடக்கும்.

பொருநை_வேதியல்:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. 24 மணி நேரமும் ஆள் பார்க்காத டவரில் சல்ஃபியூரிக் ஆசிட் பம்ப் வைத்தால் ஒரு நாள் பிஹெச் எலெக்ட்ரோடு பொய் சொல்லும், மறுநாள் பேசின் 4-க்கு இறங்கியிருக்கும். பைப் பழுதாக ஓர் இரவு போதும். அதோடு ஆசிட் டேங்கும் ஹைப்போ டேங்கும் ஒரே கொட்டகையில் வரும். லாரிக்காரர் ஆசிட் குழாயை ஹைப்போ டேங்கில் மாட்டினால் கிளம்புவது குளோரின் வாயு. ஆசிட் வைத்தே ஆக வேண்டும் என்றால் தனித்தனித் தொட்டிச்சுவர், நிரப்பும் இடத்தில் அளவு வேறான கப்ளிங், பூட்டு மூன்றும் கட்டாயம்.

இந்தத் தண்ணீருக்கு நான் சொல்வது சோடியம் புரோமைடு. ஹைப்போவோடு சேர்ந்தால் ஹைப்போபுரோமஸ் அமிலம் உண்டாகும். அது 8.6-லும் ஏறக்குறைய பாதி அமிலமாகவே நிற்கும். அமோனியாவோடு சேர்ந்து புரோமமைன் ஆனாலும் குளோரமைன் மாதிரி சோம்பிக் கிடக்காது, கொல்லும். உங்கள் இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து. 1 கிலோ குளோரினை முழுதாக மாற்ற 1.45 கிலோ உலர் புரோமைடு, 40 சதவீதக் கரைசலாக வாங்கினால் 3.6 கிலோ. சுற்றும் தண்ணீரில் புரோமைடு மறுபடி மறுபடி வேலைக்கு வருவதால் பாதி அளவில் தொடங்கலாம். இரண்டையும் நேராக ஒன்றாக ஊற்றக் கூடாது. பக்கவாட்டு லைனில் ஓடும் தண்ணீரில் இரண்டும் அடுத்தடுத்து விழுந்து கலந்து பேசினுக்குப் போகட்டும். விலை அதிகம்தான், ஆனால் சிந்தினால் ஆளைக் கொல்லாது.

தாழை_லேப்:
விலையைச் சொன்னா மேனேஜர் மயங்கி விழுவாரு. சரி, எலெக்ட்ரோடு விஷயம் நீங்க சொல்றது வாஸ்தவம்தான். அதை வாரா வாரம் கழுவி பஃபர்ல பாக்குற ஆலைக்கு ஆசிட், பாக்காத ஆலைக்கு புரோமைடுன்னு வச்சுக்கிடுவோம். ஆனா ஒண்ணு, புரோமைடுக்குப் போனா 8.6-ல கால்சியம் படியாம இருக்க ஸ்கேல் இன்ஹிபிட்டர் அளவைத் திரும்பப் பாக்கணும். அது இலவசம் கிடையாது.

உப்பளம்_குளிர்நீர்:
தூத்துக்குடிப் பக்கமிருந்து. கடல் தண்ணீரில் இந்தச் சண்டையே இல்லை. லிட்டருக்கு 65 மில்லிகிராம் புரோமைடு ஏற்கெனவே இருப்பதால் குளோரின் விழுந்த உடனேயே புரோமினாகிவிடும். தூத்துக்குடி அனல் மின் நிலையமும் கூடங்குளமும் கடல்நீரை ஒருமுறை ஓடவிட்டுக் குளிர்விக்கும் நிலையங்கள். அந்த மாதிரி இடத்தில் பாக்டீரியாவை விடத் தலைவலி மட்டிகளும், குழாயில் ஒட்டி வளரும் கொட்டலசும்தான். குளோரின் வாசம் பட்டதும் மட்டி ஓட்டை மூடிக்கொண்டு நாள் கணக்கில் உட்காரும். நிறுத்தியதும் திறந்து தின்னும். தினம் ஒரு மணி நேரம் போட்டால் அதற்கு ஒரு கவலையும் இல்லை. குறைந்த அளவில் விடாமல் போட வேண்டும்.

அனல் நிலைய கண்டன்சர் குளிர்நீர் வெளியேறும்போது ஃப்ரீ குளோரின் 0.5 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்பது சுற்றுச்சூழல் விதி. மற்ற தொழிற்சாலைக் கழிவுநீர் உள்நாட்டு நீர்நிலைக்குப் போனால் டோட்டல் குளோரின் 1 பிபிஎம். டவர் ப்ளோடவுன் வாய்க்காலுக்குப் போகிறதென்றால் இதுதான் உங்கள் வரம்பு.

மில்_யுடிலிட்டி:
எல்லாம் சரி, குளோரின் டையாக்சைடு ஏன் யாரும் சொல்லவில்லை? அமோனியாவோடு சேராது, பிஹெச் 4 முதல் 10 வரை கவலையில்லை, வழுவழுப்புக்குள் ஹைப்போவை விட நன்றாக இறங்கும்.

பொருநை_வேதியல்:
உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் கரைந்திருக்கும் வாயு. டவரில் விழும்போதே காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சோடியம் குளோரைட்டும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் வைத்து அங்கேயே தயாரிக்க வேண்டும், சேமித்து வைக்க முடியாது. காற்றில் 10 சதவீதம் தாண்டினால் வெடிக்கும். குளோரைட் துணியில் சிந்திக் காய்ந்தால் உரசலிலேயே பற்றும். 400 கன மீட்டர் டவருக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. பெரிய ஆலையில் ஜெனரேட்டரைப் பார்க்கத் தனி ஆள் இருந்தால் யோசிக்கலாம்.

டவர்_ஷிஃப்ட்:
புரோமைடு போகலாம் என்று இருக்கிறோம். ஏற்கெனவே படிந்த வழுவழுப்பை என்ன செய்வது?

பொருநை_வேதியல்:
அதை விட்டுவிட்டு எந்த மருந்து போட்டாலும் வீண். குளோரின் மேல் தோலில் செலவாகிவிடும், அடியில் காற்றில்லாத இடத்தில் சல்ஃபேட்டைக் குறைக்கும் பாக்டீரியா சுகமாக இருக்கும். சுரண்டினால் கறுப்பும் அழுகின முட்டை நாற்றமும் வருகிறதா பாருங்கள். வந்தால் கீழே இரும்பில் குழி விழுந்துகொண்டிருக்கிறது. வழுவழுப்பு வெப்பத்தைக் கடத்துவதில் கால்சியம் ஸ்கேலை விட மோசம், அதனால் பிரஷர் டிராப்போடு அப்ரோச்சும் (எக்ஸ்சேஞ்சரில் இரண்டு பக்கத் திரவத்துக்கும் உள்ள வெப்ப இடைவெளி) கெட்டிருக்கும்.

ஷட்டவுன் நாளில் செய்யுங்கள். சூரியன் சாய்ந்த பிறகு தொடங்கினால் வெயிலில் குளோரின் வீணாகாது. ஃபேன் ஆஃப், பம்ப் ஆன், ப்ளோடவுன் மூடி. பயோடிஸ்பர்சன்ட் (வழுவழுப்பைப் பிரித்துவிடும் மருந்து) போட்டு ஒரு மணி நேரம் சுற்ற விடுங்கள். நுரை வரும், ஆன்டிஃபோம் கையில் இருக்கட்டும். ஆசிட்டால் பிஹெச்சை 7.5-க்கு இறக்கவேண்டும், இது ஆள் நின்று செய்யும் ஒரு நாள் வேலை என்பதால் என் ஆட்சேபம் இங்கே கிடையாது. ஆசிட் ஒரு மூலை, முழுதாகக் கலந்து பிஹெச் நிலைத்த பிறகு ஹைப்போ எதிர் மூலை. ஃப்ரீ குளோரின் 5 பிபிஎம்மை 5 மணி நேரம் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கொரு தடவை டெஸ்ட் எடுங்கள். தண்ணீர் கலங்கிக்கொண்டே வரும், குளோரின் இறங்கிக்கொண்டே போகும், போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சர் முன்னால் இருக்கிற ஸ்ட்ரெய்னர் இரண்டு மூன்று தடவை அடைக்கும். பிளேட் 304 ஸ்டீல் என்றால் அதை பைபாஸ் செய்துவிட்டுத் தனியாகக் கழுவுவது நல்லது, குளோரைடும் குளோரினும் சேர்ந்து குழி போடும்.

முடிந்ததும் குளோரினை முறித்துவிட்டு வடியுங்கள். 60 கன மீட்டரில் 5 பிபிஎம் என்றால் 300 கிராம் குளோரின். சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கணக்குப்படி 400 கிராம், 600 கிராம் போட்டு டெஸ்டில் பூஜ்யம் பார்த்த பிறகு வால்வைத் திறக்கவும். ஈடிபிக்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) அப்படியே விட்டால் ஏரேஷன் டேங்கில் நல்ல கிருமியும் செத்துப்போகும். பேசின் சேற்றை அள்ளும்போதும் ஃபில்லில் ஜெட் அடிக்கும்போதும் நல்ல ரெஸ்பிரேட்டர் போட வேண்டும். 25 முதல் 45 டிகிரி தண்ணீரில் லெஜியோனெல்லா வளரும், அது துளியாக மூச்சில் போனால்தான் ஆபத்து.

கார்_பிசானம்:
அதன்பிறகு தினசரி ஓட்டத்துக்கு: சூட்டு லைனில் ஊற்றுவதை நிறுத்துங்கள். அங்கே போட்டால் ஃபில்லில் விழும்போதே ஒரு பங்கு காற்றோடு போகும். பேசினில் பம்ப் சக்‌ஷன் பக்கம், ப்ளோடவுன் குழாய்க்கு எதிர்ப்புறம் விழட்டும். காலை 9 மணிக்குப் பதில் இரவு 7 மணி. போடும் நேரம் ப்ளோடவுன் மூடியிருக்கட்டும். இரண்டு மணி நேரம் 0.5 முதல் 1 பிபிஎம் ஃப்ரீ நின்றால் போதும். புரோமின் கலந்திருந்தாலும் டிபிடி குளோரின் எண்ணாகவே காட்டும்; புரோமினாக எழுத வேண்டுமானால் 2.25-ஆல் பெருக்க வேண்டும்.

செம்பு டியூப் எங்காவது இருந்தால் அசோல் (செம்பைக் காக்கும் டோலில்ட்ரையசோல் போன்ற மருந்து) அளவைக் கவனியுங்கள். ஃப்ரீ குளோரின் டோலில்ட்ரையசோலைத் தின்னும். பாஸ்போனேட்டில் (ஸ்கேல் தடுக்கும் மருந்து) ஏடிஎம்பி சீக்கிரம் உடையும், பிபிடிசி தாங்கும். வாரம் ஒரு டிப்ஸ்லைடு (பாக்டீரியாவை வளர்த்து எண்ணும் ஸ்லைடு), 30 டிகிரியில் 48 மணி நேரம். மில்லிக்கு பத்தாயிரத்துக்குள் நிம்மதி, லட்சம் தொட்டால் அன்றே நடவடிக்கை.

மாதம் ஒரு தடவை ஐசோதயசோலோன் போன்ற ஆக்சிஜனேற்றம் செய்யாத மருந்தையும் மாற்றிப் போடுங்கள். உங்கள் டவரில் 60-ஐ 1.2-ஆல் வகுத்து 0.693-ஆல் பெருக்கினால் அரை ஆயுள் (போட்ட மருந்து பாதியாகும் நேரம்) சுமார் 35 மணி வருகிறது. மெதுவாகக் கொல்லும் மருந்துக்கு அது போதுமான நேரம். அதே வகை மருந்துகளில் டிபிஎன்பிஏ உங்கள் பிஹெச்சில் சீக்கிரம் சிதையும், குளூட்டரால்டிஹைடு அமோனியாவில் வீணாகும், இரண்டையும் தவிருங்கள்.

மில்_யுடிலிட்டி:
பக்கத்து ஐஸ் பிளான்டில் பிளீச்சிங் பவுடர்தான் போடுகிறார்கள், மலிவு என்று. டவருக்கு ஆகுமா?

தாழை_லேப்:
ஆகாது. புதுசா இருந்தாலே 30-லிருந்து 35 சதவீதம்தான் குளோரின், மிச்சம் பெரும்பாலும் சுண்ணாம்பு. ஏற்கெனவே கடின நீர், அதுல இன்னும் கால்சியத்தைக் கொட்டுறதா? நாஸிலும் அடைக்கும்.

டவர்_ஷிஃப்ட்:
ஒரு கேள்வி பாக்கி. டோசிங் பம்ப் மதியத்தில் ஓடுகிற சத்தம் இருக்கும், ஆனால் மருந்து போகாது. காலையில் சரியாக இருக்கும்.

உப்பளம்_குளிர்நீர்:
கேஸ் லாக். வெயிலில் ஹைப்போ ஆக்சிஜன் விடும், குமிழி பம்ப் தலைக்குள் சிக்கும். டேங்குக்குக் கீழே பம்பை வைத்து சக்‌ஷன் தானாக நிரம்பும்படி செய்யுங்கள். சக்‌ஷன் லைன் குட்டையாக, பம்ப்பிலிருந்து டேங்கை நோக்கி ஏறுமுகமாக இருந்தால் குமிழி தானாக மேலே போகும். டீகேஸிங் ஹெட் இருக்கிற மாடலாக வாங்குங்கள். லைனில் சாதாரண பிவிசி பால் வால்வு போட்டிருந்தால் மாற்றுங்கள். மூடின பந்துக்குள் அடைபட்ட ஹைப்போ வாயுவாகி வால்வையே வெடிக்கவைக்கும். பந்தில் டேங்க் பக்கம் சின்ன ஓட்டை போட்ட வென்டட் வால்வு என்று கேட்டால் தருவார்கள்.

இன்ஜெக்‌ஷன் நாஸில் முனையில் வெள்ளையாகப் படிவதும் உங்கள் தண்ணீரில் வரும். ஹைப்போவின் பிஹெச் 12-க்கு மேல், கடின நீரைத் தொட்ட இடத்திலேயே கால்சியம் கார்பனேட் விழும். மாதம் ஒரு தடவை கழற்றுங்கள். நாஸிலை நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, ஹைப்போ வாசமே இல்லை என்று பார்த்த பிறகுதான், திறந்த வெளியில் வாளியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் போட வேண்டும். லைனோடு இருக்கும்போது ஆசிட் உள்ளே விட்டுக் கழுவ யாராவது சொன்னால் விடாதீர்கள். ஒரு செட் நாஸில், செக் வால்வு ஸ்பேர் வைத்துக்கொண்டால் மாட்ட ஐந்து நிமிஷம்தான் ஆகும்.